ஆறு திங்கட்கிழமைகள்

இசக்கி கண் விழித்தபோது நாற்காலியின் தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சை எரிந்திருந்தால் அவள் விண்தோணி ஓட்டி. சிவப்பு என்றால் உடன்குடிக்குத் திரும்பும் பேருந்தில் இன்னொரு பயணி, அவ்வளவுதான்.

“என்ன ஆச்சு?” என்று கேட்டாள். நாக்கு வறண்டிருந்தது.

தலைக்கவசத்தைக் கழற்றிய உதவியாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ராஜினாமா பண்ணிட்டீங்கம்மா. ரெண்டாம் நாளே.”

தேரிக்காட்டுச் செம்மணலில் விண்துறைமுகம் வந்து முப்பது வருடம் ஆகிறது. அங்கிருந்து நிலவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் கலங்களை ஊர்க்காரர்கள் விண்தோணி என்றார்கள், பிறகு அரசாங்கமும் அப்படியே எழுதிக்கொண்டது. ஒரு தோணி ஓட்டியைத் தயார்செய்ய ஐந்து வருடமும் கொட்டிக் கொடுக்கும் பணமும் வேண்டும். ஆனால் ஓட்டிகளோ கையில் நாலு காசு சேர்ந்ததும் கும்பிடு போட்டுவிட்டு மலையோரம் தோட்டம் வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். வெறுத்துப்போன விண்சரக்குத் துறை ஒரு கருவியை வாங்கியது. அதன் அரசாங்கப் பெயர் திடீர்ச்செல்வ ஆய்வி. குபேர நாற்காலி என்றால்தான் யாருக்கும் புரியும்.

அதில் உட்கார்ந்தவருக்குத் தேர்வு எழுத வந்ததே மறந்துவிடும். ஏற்கெனவே வேலையில் இருப்பதாகவும், திடீரென்று முந்நூறு கோடி ரூபாய் தன் பெயருக்கு வந்துவிட்டதாகவும் நாற்காலி அவரை நம்பவைக்கும். வெளியே நாற்பது நிமிடம், உள்ளே ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் கருவி ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கும்: திங்கட்கிழமை காலையில் ஆள் வேலைக்குப் போனாரா? ஆறு திங்களும் போனால் நூறு மார்க். ராஜினாமா செய்தால் பூஜ்யம். விழித்ததும் அந்த ஆறு வாரமும் நினைவிலிருந்து துடைக்கப்படும், இல்லாவிட்டால் இழந்த முந்நூறு கோடியை நினைத்தே பாதிப் பேர் பைத்தியமாகிவிடுவார்கள். ஒருமுறை ஏமாந்த மூளை மறுமுறை ஏமாறாது என்பதால் ஆளுக்கு ஆயுளில் ஒரே வாய்ப்பு.

நாளடைவில் வங்கிகள், மருத்துவமனைகள் எல்லாம் ஆளுக்கொரு நாற்காலி வாங்கிப் போட்டன. கல்யாணத் தரகர்கள்கூட ஜாதகத்தோடு குபேர மார்க்கையும் கேட்க ஆரம்பித்தார்கள்.

இசக்கி தன் ஒரே வாய்ப்பைச் செலவழித்துவிட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று, மேலேறும் தோணியின் உறுமலை வைத்தே அதில் எத்தனை டன் சரக்கு என்று சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவள் ரெண்டாம் நாளே ராஜினாமா செய்தாள் என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

“நாற்காலி எடுத்த எம் பதிவை நான் பார்க்கணும். விதியில இடம் இருக்குல்லா?”

இடம் இருந்தது. தேர்வுக் குழு ஏழு பேரும் உட்கார்ந்திருக்க, குழுவின் முன்னிலையில் ஒருமுறை பார்க்கலாம். தலைவர் ஐயம்பெருமாள் நடுவில் இருந்தார். அவருக்கு நாற்பத்தேழு வயது. நாற்காலி வந்த புதிதில் நூற்றுக்கு நூறு வாங்கிய முதல் ஆள். அவர் படம் நுழைவாயிலில் மாலையோடு தொங்கியது, உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை ஏன் என்று மனைவி செண்பகவடிவு சண்டை போட்டும் யாரும் கழற்றவில்லை. பள்ளிக்கூட விழாக்களில் அவரைத்தான் பேசக் கூப்பிடுவார்கள்.

திரையில் இசக்கியின் ஆறு வாரம் ஓடியது. பணம் வந்த அன்றே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆளுக்குக் கால் கிலோ அல்வா. மறுநாள் ராஜினாமாக் கடிதம். அதற்கப்புறம் நடந்ததைக் கருவி கணக்கில் எடுத்திருக்கவில்லை, ஆனால் பதிவில் இருந்தது. மூன்றாம் நாள் அவள் ஒரு பழைய தோணியை விலைபேசினாள். இரண்டாவது வாரம் அதன் உந்துகுழலைத் தானே கழற்றி மாட்டினாள். நாலாவது வாரத்திலிருந்து பறந்தாள். ஒரு திங்கட்கிழமைகூடத் தரையில் இல்லை.

இசக்கி எழுந்து நின்றாள்.

“நான் வேலையத்தான சார் விட்டேன், தோணிய விடலையே! ஒங்க வேலையில வருசத்துக்கு ரெண்டு தடவைதான் மேல போக விடுதீய. மிச்ச நாளெல்லாம் கோப்புல கையெழுத்து. கையில பணம் இருந்தா யாரு அதுக்குக் காத்துக்கிட்டு இருப்பா?”

“ஏம்மா, விதின்னா விதிதான்,” என்றார் ஐயம்பெருமாள். குரலில் கடுமை இல்லை, கொஞ்சம் பெருமை இருந்தது. “அதே நாற்காலியில நானும் உட்கார்ந்தவன்தான். முந்நூறு கோடி என்னை ஒரு இம்மி அசைக்கல.”

“அதையும் போடுங்க சார், பார்க்கோம்.”

குழுவில் ஒருத்தரான கனகமணிக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. “போடுங்க சார். இந்தக் காலத்துப் பிள்ளைக பார்த்துக் கத்துக்கிடட்டும்.”

ஐயம்பெருமாள் தன் பதிவை அதுவரை பார்த்ததே இல்லை. நூறு வாங்கியவனுக்கு விடைத்தாளைத் திருப்பிப் பார்க்க என்ன அவசியம்? சந்தோஷமாகவே சம்மதித்தார்.

திரையில் இருபத்தைந்து வயது ஐயம்பெருமாள் வந்தார், தலை நிறைய முடியோடு. கைப்பேசியில் செய்தியைப் படித்தார். முந்நூறு கோடி. முதல் காரியமாக எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகினார்.

“ஏல ஐயம்பெருமாளு,” என்று தனக்குத்தானே கிசுகிசுத்தார், “மூஞ்சியில காட்டிறாத. மச்சானுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். செண்பகத்துக்குத் தெரிஞ்சா மச்சானுக்குத் தெரியும். ஊரு கண்ணு பட்டா ஒண்ணும் வெளங்காது.”

முதல் திங்கட்கிழமை காலர் நைந்த அதே சட்டையில் அலுவலகம் போனார். இரண்டாவது திங்கள், யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று பக்கத்து மேசைக்காரரிடம் இருநூறு ரூபாய் கைமாற்று கேட்டார். மூன்றாவது திங்கள் தோணியில் ஏறினார். நிலவு ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். நாலாவது திங்கள் நூற்றிரண்டு காய்ச்சல். லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு போனார். ஐந்தும் போனார். ஆறும் போனார். திரையில் நூறு என்று பச்சையாக மின்னியது.

சிரித்தது உதவியாளர்தான். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

“மத்த ஆறு பேரோடதையும் பார்க்கலாமா?” என்று கேட்டாள் இசக்கி.

ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்தது. கனகமணி டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

ஐயம்பெருமாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த நூறு மார்க்கைச் சொல்லிச் சொல்லி எத்தனை மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறார்! எத்தனை பேரைச் சிவப்பு விளக்கோடு பேருந்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்! ஆனால் மனிதர் அடிப்படையில் நேர்மையானவர். தலைவருக்கு மட்டும் உள்ள தனி அதிகாரத்தில், கருவியின் முடிவைத் தள்ளி, இசக்கியைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவரான பத்து வருடத்தில் அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

இசக்கி அறைக்கு வெளியே வந்து யாரென்றே தெரியாத காவலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

செய்தி ஐயம்பெருமாளுக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

“முந்நூறு கோடிய எங்கிட்டயே மறைச்சீயளா?” என்றாள் செண்பகவடிவு.

“அது நெசம் இல்லட்டி. நாற்காலி காட்டுன கனவு.”

“கனவுலயும் நான்தான ஒங்க பொண்டாட்டி?”

ஒரு வாரம் தட்டு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

துறை நாற்காலியை மாற்றவில்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தப்பென்று யார் ஒப்புக்கொள்வார்கள்? இசக்கி ஒரு விதிவிலக்கு என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள். அவள் ஐந்து வருடப் பயிற்சியை மூன்றே வருடத்தில் முடித்தாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் தட்டிக்கழித்த பயணங்களையெல்லாம் அவளே வாங்கிக்கொண்டாள். அவர்களுக்கும் நிம்மதி.

ஆறாம் வருடம் அது நடந்தது. வெளிநாட்டுச் சரக்குக் கலம் ஒன்று நிலவுக்கு அந்தப்புறம் கட்டுப்பாடு இழந்து பம்பரமாய்ச் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே பதினோரு பேர், நாற்பது டன் பிளாட்டினம். பக்கத்தில் இருந்த ஒரே தோணி இசக்கியுடையது. சுழலும் கலத்தோடு தானும் சேர்ந்து சுழன்று, அதன் சுற்றைத் தன் சுற்றாக்கி, பிறகு இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும். பத்தொன்பது மணி நேரம் அவள் கைப்பிடியிலிருந்து கை எடுக்கவில்லை. கலம் நின்றபோது பதினோரு பேரும் ஏதோ ஒரு மொழியில் கத்தினார்கள். புரியாவிட்டாலும் புரிந்தது. தேரிக்காட்டில் கட்டுப்பாட்டு அறையே எழுந்து ஆடியது.

விண்வெளிச் சட்டப்படி மீட்டவருக்குச் சரக்கில் பங்கு உண்டு. இசக்கிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கோடி வந்தது, இந்த முறை நிஜமாகவே.

துறை முழுக்கத் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தது. திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ராஜினாமாக் கடிதம் வந்தது.

“நாற்காலி அன்னைக்கே சொல்லிச்சுல்லா,” என்றார் கனகமணி, ஏதோ தானே சொன்னதுபோல.

அடுத்த வாரம் இன்னொரு கடிதம் வந்தது. இசக்கி ஐந்து தோணிகள் வாங்கியிருந்தாள். துறையின் சரக்கைத் துறை செலவழிப்பதில் பாதிச் செலவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக எழுதியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. நாற்காலியில் தோற்றவர்களின் பதிவுகள் அத்தனையும் அவளுக்கு வேண்டும்.

ஐயம்பெருமாள் சம்மதித்தார். இருபத்தெட்டு வருடத்தில் பதினோராயிரம் பேர் தோற்றிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் முந்நூறு கோடியை வைத்து வீடு கட்டினார்கள், உலகம் சுற்றினார்கள், தூங்கினார்கள். ஆனால் அறுபத்துமூன்று பேர் ராஜினாமா செய்த கையோடு நேராகப் போய்த் தோணி வாங்கியிருந்தார்கள். துறை அவர்கள் கோப்பில் ‘பொறுப்பற்றவர்’ என்று எழுதி மூடியிருந்தது.

இசக்கி ஒவ்வொருவரையும் தேடிப் போனாள். சாத்தூரில் பரோட்டாக் கடை வைத்திருந்த மாடசாமியிடம் செய்தியைச் சொன்னபோது அவர் அடுப்பை அணைக்கவே மறந்துவிட்டார், நாலு பரோட்டா கரிந்தது. நகரப் பேருந்து ஓட்டிய ஜெபமணி, கணக்கு வாத்தியாராக இருந்த சங்கரபாண்டி என்று முப்பத்தெட்டுப் பேர் கிளம்பி வந்தார்கள். எத்தனையோ வருடம் முன்பு சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுப் போன ஆட்களுக்கு ஒன்றரை வருடத்தில் இசக்கி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். பாதி அவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து தோணிகளும் வெள்ளோட்டமாகப் பூமியைச் சுற்றிவர ஒன்றாக எழும்பின. செம்மணல் அதிர்ந்தது. திருச்செந்தூர் வரை ஜனங்கள் மொட்டைமாடியில் நின்று கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் மாடசாமியின் குரல் வந்தது. “ஏ அம்மாடியோ! இங்க பாருங்க! கீழ அத்தனையும் கடலு!” கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அழுதார்கள்.

தரையில் நின்ற ஐயம்பெருமாளுக்குப் பொறாமையாக இருந்தது. அவரும் அந்தக் கடலைப் பலமுறை பார்த்திருக்கிறார், கடிகாரத்தைப் பார்ப்பதற்கு நடுவில். முதல்முறையாக அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தோணிகளை வழிநடத்திக்கொண்டிருந்த இசக்கியிடம் தயங்கித் தயங்கிப் போனார்.

“இசக்கி, நாளைக் காலையில அடுத்த சுற்று கிளம்புதுல்லா? அதுல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா? உதவி ஓட்டியாத்தான். உரிமம் இன்னும் இருக்கு. சம்பளம்கூட வேண்டாம்.”

இசக்கி அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“கஷ்டம் சார். இங்க தோத்தவங்களத்தான் சேர்க்கோம். ஒங்க மார்க்கு ரொம்ப அதிகம்.”

ஐயம்பெருமாளின் முகம் சுருங்கிப்போனது. “இனிமே தோக்கணும்னாலும் முடியாதே. நாற்காலி ரெண்டாம் தடவை யாரையும் ஏமாத்தாதே, தாயி.”

“நாற்காலி எதுக்கு சார்? நாளைக்குத் திங்கக்கெழமதான? வேலைக்குப் போகாதீய.”

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் மாடசாமியின் பக்கத்து இருக்கையில் இருந்தார், நானூறு கிலோமீட்டர் உயரத்தில். கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

அதே பத்து மணிக்கு அலுவலகத்தில் குழுவின் மற்ற ஆறு பேரும் அவருடைய காலி மேசையைச் சுற்றி நின்றார்கள். மேசைமேல் ராஜினாமாக் கடிதம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகமணி போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எவ்வளவு வந்திருக்கும்?”