பச்சைத் துண்டு

மழை... விடிந்ததிலிருந்து ஒரே நசநசவென்று மழை. வெள்ளியங்கிரி மலை எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. கரண்ட் போய் வெகுநேரமாகிவிட்டது. குஞ்சுக் கொட்டகையில் சூட்டுக்காக எரியும் பல்புகள் அணைந்து கிடந்தன.

கொட்டகை வாசலில் நின்று கிருபா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நனைந்தபடி வெளியே நின்ற தீக்கோழிக் குஞ்சுகள் அவள் குரலுக்குக் கழுத்தைத் தூக்கின. இரண்டடி வந்தன. அப்புறம் என்ன நினைத்தனவோ... அத்தனையும் ஒரே திருப்பாகத் திரும்பிக் கேட்டைப் பார்த்து ஓடின.

அங்கே பச்சை மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் டிவிஎஸ் ஃபிப்டியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"நானெங்கீங்க அசையறது... காலைச் சுத்தி நிக்குதுங்களே. கடிக்குங்களா?"

"கடிக்காது, கொத்தும். பட்டன், பேனா, மோதிரம்... மினுக்குன்னு எதைப் பாத்தாலும் முழுங்கிப்போடும்."

"நெருப்பையே முழுங்கற கோழிக்குப் பட்டன் எம்மாத்திரமுங்க."

"நெருப்பும் முழுங்காது, ஒண்ணும் முழுங்காது. பேரு வெச்சவங்க பண்ணின வேலை. நீங்க யாரு?"

"ஜெனரேட்டர் ஓடலைன்னு போன் வந்துச்சுங்க. மெக்கானிக்."

"மொதல்ல அந்தக் கோட்டைக் கழட்டாம கொட்டகைக்குள்ள நடங்க. இதுக உங்க பின்னாலயே வந்துரும்."

அவன் நடந்தான். பின்னால் குஞ்சுகள் வரிசைகட்டி நடந்தன. கொட்டகைக்குள் போனதும் தலைமூடியைத் தள்ளிவிட்டு அவளைப் பார்த்தான். இமையெல்லாம் மழைத்துளி. அதற்குள் சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். கிருபா சட்டென்று குனிந்து ஒரு குஞ்சின் காலைச் சோதிப்பதுபோல் பாவனை செய்தாள். அந்தக் காலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இந்தக் குஞ்சுகளுக்குத் தாய் கிடையாது. முட்டை பொரித்தது மெஷின். கண்ணைத் திறந்ததும் எதிரில் நின்றவள் கிருபா. நாமக்கல்லில் கால்நடை வைத்தியம் படித்து முடித்த கையோடு இந்தப் பண்ணைக்கு வந்தவள். ஆளைவிடக் கலரைத்தான் இவை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்ததிலிருந்து அவள் பச்சைச் சுடிதாரைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. அவள் விரலால் தட்டில் டக்டக்கென்று தட்டினால்தான் தீனியைக் கொத்தும். இல்லாவிட்டால் நிறைந்த தட்டுக்கு முன்னாலேயே பட்டினி கிடக்கும்.

கிடந்தும் இருக்கின்றன. போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சலென்று மதுக்கரைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டாள். திரும்பி வந்தபோது கொட்டகையில் சத்தமே இல்லை. ஏழு குஞ்சுகள் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் போட்டபடி செத்துக் கிடந்தன. நறுக்கிப் போட்ட குதிரைமசால் தழை வாடிப்போய் அப்படியே இருந்தது. நோயில்லை, நொடியில்லை. அவள் இல்லை... அவ்வளவுதான் காரணம். அன்றைக்குத் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள்.

இப்போது அரசாங்க உத்தரவு வந்திருந்தது. கமுதியில் கால்நடை மருத்துவர் வேலை. இந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா சென்னியப்பன் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டு, பேச்சு வராமல் சிரித்துக்கொண்டே இருந்தார். தோட்டந்தோட்டமாகப் பண்ணையத்துக்குக் கூலியாளாக இருந்த குடும்பத்தில் முதல் சர்க்கார் உத்தியோகம். போகாமல் இருக்க முடியாது. போனால் மிச்சமிருக்கும் குஞ்சுகள் பிழைக்காது. கிருபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பண்ணை முதலாளி சீனிவாசலுவுக்குத்தான் யோசனை வந்தது. "அந்த மெக்கானிக் பையன் பின்னாடி ஓடுச்சுன்னு சொன்னீங்களேம்மா. அவனையே பழக்கி விட்டுட்டுப் போயிருங்களேன். சம்பளம் குடுத்தரலாம்."

அவன் பெயர் வெங்கடபதி. தெலுங்குபாளையத்தில் சின்னதாக ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடை. கேட்டதும் ஒத்துக்கொண்டான். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வானாம். இவ்வளவு சுலபமாக ஒருத்தன் ஒத்துக்கொண்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது... கிருபாவுக்கும் தோன்றியது. அவள் கேட்கவில்லை.

வெயில் வந்தால் மழைக்கோட்டைப் போட முடியுமா. தன்னுடைய பழைய பச்சைத் துப்பட்டா ஒன்றை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டாள். விரல் அவன் கழுத்தில் பட்டது. இருவருமே குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்த மாசாணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சாமி, பச்சைத் துண்டு... விவசாயிக சங்கத்துல சேந்துட்டீங்களா?"

"ஆமாங்க. அடுத்த வாரம் கலெக்டர் ஆபீஸ்ல மறியல்."

கிருபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து வெகுநாளாயிற்று என்பது சிரித்த பிறகுதான் தெரிந்தது.

மழை விட்ட ஒரு காலையில் குஞ்சுகள் சின்ன இறக்கைகளை விரித்துக்கொண்டு ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்தன. வெங்கடபதி பயந்துபோனான்.

"என்னுங்க டாக்டர், கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"சந்தோசமுங்க. வெயிலைக் கண்டா இப்படித்தான். அளவு தெரியாம சுத்தி வழுக்கி உளுந்து, காலை ஒடிச்சுக்கும். அப்புறம் பொழைக்காது."

"சந்தோசத்துல காலை ஒடிச்சுக்கறது மனுசங்க மட்டுந்தான்னு நெனச்சேன்."

அவள் வழுக்கப் போன ஒரு குஞ்சை எட்டிப் பிடித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நாளுக்கு நாள் பெரும்பாடாக இருந்தது.

காலையில் அவள் பார்த்துக்கொள்வாள். மதியத்துக்கு மேல் அவன் முறை. அவள் கண்ணில் பட்டால் குஞ்சுகள் அவளிடம் ஓடிவிடும் என்பதால், அந்த நேரம் மருந்தறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் அவன் வந்து தலையைச் சொறிவான்.

"இன்னைக்கும் எங்கிட்ட திங்கலீங்க."

"சரி... நாளைக்குப் பாக்கலாம்."

"உங்களுக்கு நாள் போகுதுங்களே."

"நாளைக்குப் பாக்கலாமுங்க."

அவன் போன பிறகு அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வரும். பட்டினி என்று சொல்கிறான். கேட்டதும் வயிறு எரிய வேண்டாமா... மனசுக்குள் ஏன் இப்படிக் குளுகுளுவென்று இருக்கிறது?

மறுபடியும் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வெங்கடபதி வெள்ளைச் சட்டையோடு வந்தான். தோளில் துண்டு இல்லை. கையில் ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடைப் பொட்டலம். மருந்தறை ஜன்னல் வழியாகக் கிருபா பார்த்தாள். அவன் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. அதற்குள் குஞ்சுகள் எல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடி வந்து அவனைச் சூழ்ந்துகொண்டன. அவன் குனிந்து தட்டில் விரலால் டக்டக்கென்று தட்டினான். போட்டி போட்டுக்கொண்டு தின்றன.

அவள் வெளியே வந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கையும் களவுமாக நின்றான்.

"எத்தனை நாளா திங்குது?"

"...பத்து நாளாச்சுங்க."

"என்னோட துப்பட்டா எங்க?"

"தொலைஞ்சு போச்சுங்க. அதான் புதுசா ஒண்ணு..."

"வெங்கடபதி."

அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அவனால் அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை.

"கொடியில காயப் போட்டிருந்தேனுங்க. அம்மா, பையன் விவசாய சங்கத்துல சேந்துட்டான்னு பக்கத்து ஊட்டுலயெல்லாம் பெருமையாச் சொல்லிட்டு இருந்தாங்க. நேத்து மடிக்கறப்போ ஓரத்துல பூத் தையல் இருந்ததைப் பாத்துட்டாங்க. பொம்பளைத் துணியாச்சே, யாருதுன்னாங்க. சொன்னேன். யாரு பொண்ணுன்னாங்க. அதையும் சொன்னேன்." நிறுத்தினான். "குச்சியில எடுத்துட்டுப் போயி வெந்நீர் அடுப்புல போட்டுட்டாங்க."

குச்சியில்... கையால் தொடவில்லை. படித்து, டாக்டராகி, ஊரே எழுந்து நின்று வணக்கம் சொன்னாலும், ஒரு குச்சி எங்கோ காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

"அவங்களை விடுங்க. நீங்க என்ன பண்ணினீங்க? பத்து நாளா பொய் சொல்லிப்போட்டீங்க. தேதி போயிருந்தா என் வேலை போயிருக்கும். எங்கப்பா சிமெண்ட் மூட்டை தூக்கிப் படிக்க வெச்ச படிப்புங்க அது."

"தப்புத்தானுங்க. நாளைக்கும் நீங்க இங்க இருக்கோணும்னு மட்டுந்தான் நெனச்சேன். அதுக்கு மேல புத்தி போகலை."

"போகாது. உங்களுக்கு அது வெளையாட்டு. எனக்குப் பொழப்பு." ஜவுளிக்கடைப் பொட்டலத்தை அவன் பக்கமே தள்ளிவிட்டாள். "இனித் துண்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இதுகளைப் பாத்துக்குங்க. நான் போறேன்."

மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவன் அம்மாவை நினைத்து அழுதாள். அதைவிட, யாரிடமும் சொல்ல முடியாத தன்னுடைய ஒரு திருட்டுத்தனத்தை நினைத்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சில்லை; காலைத் தீனியையும் அவனிடமே விட்டுவிட்டாள். மழை மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. அவன் இரவில் வீட்டுக்குப் போவதில்லை, மோட்டார் ரூமில் படுத்துக்கொள்கிறான் என்று மாசாணியம்மாள் சொன்னாள். கிருபா கேட்காததுபோல் இருந்தாள்.

பயணத்துக்கு முந்தின வாரம் சொல்லிக்கொள்ள மதுக்கரைக்குப் போனாள். அவள் இல்லாமல் குஞ்சுகள் தின்கின்றனவா என்பதற்கும் அது ஒரு சோதனை. அப்பா அவளை உட்காரவைத்து மெதுவாக ஆரம்பித்தார்.

"புதன்கிழமை ஒரு பையன் வந்திருந்தான் கண்ணு. கோழிப் பண்ணையில இருக்கேன்னான். சோத்து நேரம்... நம்மூட்டுல சாப்புடுவானோ மாட்டானோன்னு உங்கம்மா தயங்கிட்டே கேட்டா. உக்காந்து சாப்புட்டான். இன்னொருக்காக் கேட்டு வாங்கிச் சாப்புட்டான். கையைக் கழுவிப்போட்டுத்தான் விசயத்தைச் சொன்னான்."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? அவங்கம்மா பண்ணினதையும் மறைக்காமச் சொன்னான். சொல்லிட்டு என் முகத்தைப் பாக்க முடியாம உக்காந்திருந்தான். எம் பொண்ணு மொதல்ல வேலையில சேரட்டும் தம்பி, அவ கால்ல அவ நின்னப்புறம் அவ என்ன சொல்றாளோ அதுதான்னு சொல்லியனுப்பிட்டேன். பயமாத்தான் இருக்குது சாமி. ஆனா பையன் நல்லாத்தான் சாப்புட்டான்."

அவள் திரும்பி வந்தபோது குஞ்சுகள் எல்லாம் உயிரோடு இருந்தன. ஒன்றுகூடப் பட்டினி கிடக்கவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. பச்சையில் போனால் குஞ்சுகள் பின்னால் வந்துவிடும். குங்குமக் கலர் புடவையை உடுத்திக்கொண்டு பெட்டியோடு வெளியே வந்தாள். சாயங்காலத் தூறல். வெங்கடபதி திடலின் நடுவில் தழை போட்டுக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு குஞ்சுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைத்துத்தானே அந்தப் புடவையை உடுத்தினாள்... ஆனாலும் பெட்டியின் மேல் விரலால் டக்டக்கென்று தட்டப் போய், நிறுத்திக்கொண்டாள்.

அவன் மட்டும் பார்த்தான். தழைக்கட்டு கையிலேயே நின்றுவிட்டது.

"எங்க ஊட்டுல சாப்புட்டீங்களாம்," என்றாள்.

"கொள்ளுப் பருப்புங்க. நல்லா இருந்துச்சு."

"உங்க ஊட்டுக்கு எப்பப் போவீங்க?"

"அம்மா உங்களைக் கையைப் புடிச்சு உள்ள கூப்புடற அன்னைக்கு. அது எந்த வருசமோ தெரியலீங்க."

தூறல் கொஞ்சம் வலுத்தது. இருவரும் நகரவில்லை.

"நானும் ஒரு பொய் சொல்லிப்போட்டேனுங்க," என்றாள் கிருபா. "தெனமும் காலையில இதுகளை நான் எடை போடறேன். நீங்க திங்கலைன்னு சொன்ன நாளெல்லாம், நான் போட்ட ஒரு வேளைத் தீனிக்கு மேலயே எடை ஏறிட்டு இருந்துச்சு."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "தெரிஞ்சுமா... நாளைக்குப் பாக்கலாம்னீங்க?"

"தெரிஞ்சுதான். உங்களை அத்தனை பேச்சுப் பேசினேனே... எனக்குத்தான் பேசிக்கிட்டேன்."

அவன் கண் நிறைந்துவிட்டது. மழையென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவன் துடைக்கவில்லை.

"நானும் வந்தர்றேனுங்க. கமுதியில மோட்டாரே ரிப்பேர் ஆகாதுங்களா?"

"அங்க தண்ணியே கெடையாதுங்க. மோட்டாருக்கு எங்க போறது?"

சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. அவன் காலடியில் குஞ்சுகள் தின்றுகொண்டிருந்தன. அவன் வந்தால் இவை தட்டைத் தொடாது. ஏழு குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கிடந்த கிடை அவளுக்கு மறக்குமா? அவள் போக வேண்டுமென்றால் அவன் இங்கேதான் இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

"ஆறு மாசமுங்க," என்றாள். "அதுக்கப்புறம் இதுகளுக்குத் தாயும் வேண்டாம், ஆளும் வேண்டாம். தானா மேஞ்சுக்கும். நீங்க எதுக்க நின்னாக்கூடச் சட்டை பண்ணாது."

"உங்களுக்கு?"

கேட் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. தொண்டாமுத்தூரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். கிருபா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கு எத்தனை மாசமானாலும் வேணுமுங்க. நீங்கதான் வேணும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அவனுக்கு ஓடிப்போய் அந்தப் பெட்டியையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தான். தழையை விட்டுவிட்டுக் குஞ்சுகள் அத்தனையும் அவனோடு கிளம்பின. வாசல் வரைக்கும் போனால் ரோடு வரைக்கும் வந்துவிடும். எடுத்த காலைப் பின்னால் வைத்து, மழையில் அப்படியே நின்றான்.