ஆறாவது பை

முந்நூற்று நாற்பத்திரண்டு டாலர், ஐம்பது சென்ட். ஆர்லோ புரூயிட் தன் கூட்டாளி டெல்பர்ட்டுக்குத் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். போன வருஷம் இரண்டு பேரும் அடித்த இரண்டு எல்க் மான்களையும் கறிக்கடையில் கொடுத்து, வெட்டி, அரைத்து, கட்டி வாங்கின கூலியில் சரிபாதி. கடைக்காரனுக்கு முழுசையும் டெல்பர்ட்தான் கொடுத்தான். கொடுத்த கையோடு ஆர்லோவின் ஷெட்டுக்கு வந்து, அங்கே இருக்கிற ஃப்ரீசரின் வெள்ளை மூடியில் அழியாத மார்க்கரால் அந்தத் தொகையைக் கையகல எழுத்தில் எழுதிவிட்டுப் போனான். கறி எடுக்கும்போதெல்லாம் என் ஞாபகம் வரட்டும்டா என்று சிரித்தான்.

ஆர்லோ ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தான். தின்னர் ஊற்றித் தேய்த்தான். எழுத்து கொஞ்சம் மங்கியது, போகவில்லை. மரம் அறுக்கிற மில்லில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். சாப்பாட்டு நேரத்தில் ஆர்லோ ரொட்டியைப் பிரித்தால், என் காசில் வாங்கினதா என்று கேட்பான் டெல்பர்ட். பத்துப் பேர் சிரிப்பார்கள். ஒரு வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் கறியைக் கடையில் கொடுப்பதில்லை, வீட்டிலேயே வெட்டுவது என்று முடிவாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆர்லோ ஷெட்டைத் திறந்தான். வெளியே வானம் சாம்பல் நிறத்தில் கூரைவரை இறங்கியிருந்தது. உள்ளே இரத்தமும் ஈரத்துணியும் டீசலும் கலந்த குளிர்ந்த வாசனை. வியாழக்கிழமை மலையிலிருந்து கொண்டுவந்து தொங்கவிட்ட கறி, மூன்று நாளில் பதமாகியிருக்கும். விளக்கைப் போட்டான். உத்தரத்துக் கொக்கிகளில் வெள்ளைத் துணிப்பைகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு பின்தொடை, இரண்டு முன்தொடை, கழுத்தும் முதுகும் விலாவும் சேர்த்துப் போட்ட சின்னப் பை ஒன்று. ஆக ஐந்து.

ஆறு தொங்கின.

மறுபடி எண்ணினான். விரலை நீட்டி, சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணினான். ஆறு. சுவர் ஓரமாக, பாரம் தூக்குகிற சங்கிலி, செயின் பிளாக், மாட்டியிருக்கிற கடைசிக் கொக்கியில் ஒன்று. மற்றதைவிடப் பெரிசு. சின்னப் பையில் அடங்காமல் இரண்டாகப் பிரித்துக் கட்டியிருப்பேன், அன்றைக்கு இருந்த அலுப்பில் மறந்திருப்பேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அலுப்பு நிஜம்தான். மூன்று நடை நடந்த உடம்பு இன்னும் வலித்தது.

முதல் தொடையை இறக்கி மேசையில் போட்டு, கத்தியைத் தீட்ட எடுத்தபோது வாசலில் வண்டி நின்றது. வாண்டா. டெல்பர்ட்டின் மனைவி. மூன்று நாளாகத் தூங்காத முகம். புருஷனின் மில் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை அதன் நீளக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

டெல்பர்ட்டைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் வடக்கு முகட்டில்தான் தேடுகிறார்கள், ஒரு தடமும் இல்லை, ராத்திரி பெரிய பனி வந்தால் நிறுத்திவிடுவார்களாம் என்றாள். வடக்கு முகடு என்று அவர்களுக்குச் சொன்னது ஆர்லோ. அங்கேதான் பிரிந்தோம், அவன் மேலே ஏறினான், நான் கீழே இறங்கினேன், நான் ஒரு பெண் மானை அடித்தேன், அவன் திரும்பவில்லை என்று ஷெரீஃப் ஆபீஸில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். இப்போதும் அதையே சொன்னான். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வாண்டா கேட்டுக்கொண்டே பைகளின் ஓரமாக நடந்தாள். கடைசிப் பையிடம் நின்றாள். அதன் கழுத்தில் கட்டியிருந்த ஆரஞ்சு நைலான் கயிற்றைத் தொட்டாள்.

"இது அவன் போட்ட முடிச்சாச்சே."

ஆர்லோவின் கையில் கத்தி நின்றது.

"அவனுக்கு ஆள்காட்டி விரல் பாதிதானே. ரம்பம் தின்ன நாள்லேர்ந்து இப்படித்தான் தலைகீழாக் கட்டுவான். ஷூ கயிறுகூட இப்படித்தான். வேற ஒருத்தனும் இப்படிக் கட்டமாட்டான், ஆர்லோ."

"காலையில கேம்ப்ல பைங்களுக்கெல்லாம் அவன்தான் கயிறு மாட்டி வெச்சான்."

"வெறும் பைக்கா முடிச்சுப் போட்டான்?"

ஆர்லோ கத்தியைத் தீட்டத் தொடங்கினான். வாண்டா கயிற்றை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"யாரு அடிச்சாலும் பாதி பாதி. அதானே உங்க ரெண்டு பேருக்கும் கணக்கு. அவன் பாதியைத் தனியா வை. வந்ததும் கேப்பான்."

அவள் வண்டி ரோட்டில் ஏறிப் போகிறவரை ஆர்லோ அசையவில்லை. போனதும் ஷெட் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டான்.

நடந்தது வடக்கு முகட்டில் இல்லை. கெட்டில் ஓடைக்குத் தெற்கே, எரிந்த காட்டில். மானை அடித்ததும் ஆர்லோ இல்லை. டெல்பர்ட் ஒரே குண்டில் அடித்து, தன் பேர் போட்ட வேட்டைச் சீட்டில் தேதி குறித்து, அதன் பின்னங்காலில் கட்டினான். ஊரில் சட்டம் அதுதான். எவன் கொன்றானோ அவன் சீட்டு. கறியைப் பிரித்துப் பைகளில் போட்டு முடித்து, விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது அவன் பூட்ஸ் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்த சத்தத்தை ஆர்லோ இருபது அடி தள்ளியிருந்து கேட்டான். காய்ந்த கிளை ஒடிகிற சத்தம்.

பாரம் ஏற்றி இழுக்கிற சறுக்குப் பலகை ஒன்றுதான் இருந்தது. வண்டிக்கு ஒன்றரை மைல். டெல்பர்ட் வெளுத்துப்போய், அப்போதும் இளித்தான். "கறி கிடக்கட்டும்டா, பெரிய மனுஷா. முதல்ல என்னை இழு. உன் பாக்கியில அந்த அம்பது சென்ட்டைக் கழிச்சுக்கறேன்."

அந்த ஐம்பது சென்ட்தான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இழுத்திருப்பான்.

ஆர்லோ பலகையில் இரண்டு பின்தொடைகளை ஏற்றினான். வந்துடறேன் என்றான். இரண்டாம் நடையில் முன்தொடைகளை ஏற்றினான். அப்போது டெல்பர்ட் கத்தவில்லை, பேசவும் இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். மூன்றாம் நடைக்கு ஆர்லோ வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. டெல்பர்ட் ஒரு கட்டையால் விழுந்த மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. ஆபத்து என்றால் மூன்று, அது மலையில் நடக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆர்லோ அவன் முகத்தைப் பார்க்காமல் சின்னப் பையை ஏற்றினான். வண்டிக்கருகே வந்து டெல்பர்ட்டின் சீட்டை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன் சீட்டை அந்தக் காலில் கட்டினான். தட்டுகிற சத்தம் அதுவரை கேட்டது. அப்புறம் பனி விழ ஆரம்பித்தது. அப்புறம் கேட்கவில்லை. டெல்பர்ட்டின் சீட்டு அன்று ராத்திரியே அடுப்புக்குள் போனது.

இனி வேண்டியது வேகம். பைகள் போய்விட வேண்டும், முடிச்சு போய்விட வேண்டும். கறி எல்லாம் வெள்ளைத் தாளுக்குள் போய்விட்டால் யாருடைய மான் என்று எதுவும் சொல்லாது. ஆறாவது பையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மற்றவற்றின் கயிறுகளை அறுத்துத் தரையில் போட்டு ஆர்லோ வெட்டினான். வெள்ளி மாதிரி மின்னுகிற ஜவ்வை உரித்து, கொழுப்பைச் செதுக்கி, துண்டு போட்டு, துணுக்குகளை மெஷினில் அரைத்து, இரண்டு இரண்டு பவுண்டாகத் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மார்க்கரால் தன் பேரையும் தேதியையும் எழுதி ஃப்ரீசருக்குள் அடுக்கினான். பாதி பாதி என்று கட்டின காலத்தில் ஒரு பொட்டலம் ஆர்லோ, ஒரு பொட்டலம் டெல்பர்ட் என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். இப்போது எல்லாவற்றிலும் ஒரே பேர். எழுத எழுத அவனுக்குள் ஒரு குரூரமான திருப்தி ஊறியது. என் காசில் வாங்கினதா? இல்லைடா. உன் குண்டில் வாங்கினது.

மூன்றாவது தொடையில் அந்த வாசனை வந்தது. புதினா போட்ட மெல்லுகிற புகையிலை. டெல்பர்ட் கீழுதட்டுக்குள் எப்போதும் அடக்கி வைத்திருப்பது. ஆர்லோ கறியை முகர்ந்தான். கையை முகர்ந்தான். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி கத்தியை வைத்தான். சூடாக, ஈரமாக, காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்ட மாதிரி அதே வாசனை.

சொட்டுச் சத்தம் கேட்டது. ஆறாவது பையிலிருந்துதான். அடியில் வெறும் சிமெண்ட் தரைதான், ஆனாலும் மரத்தில் விழுகிற மாதிரி விழுந்தது. டொக், டொக், டொக். நின்றது. மறுபடி மூன்று.

ரேடியோவைப் போட்டான். பனி எச்சரிக்கை சொன்னார்கள். ஊர்ப் பேர்களை வரிசையாகப் படித்தார்கள். கெட்டில் ஓடை என்று வந்ததும் அணைத்தான்.

நாலரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு ஐந்து பையும் காலி. எண்பது பொட்டலம் இருக்க வேண்டும். சரிபார்க்க ஃப்ரீசரைத் திறந்தான்.

பாதிதான் இருந்தது. இடதுபக்கம் நாற்பது, செங்கல் அடுக்கின மாதிரி நேராக. வலதுபக்கம் துடைத்துவிட்ட மாதிரி காலி. ஒன்றை எடுத்து விளக்கில் பார்த்தான். டெல்பர்ட் என்று எழுதியிருந்தது. இன்னொன்று. டெல்பர்ட். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, பாதி விரலால் மார்க்கரை அழுத்திப் பிடிக்கிறவனின் எழுத்து. நாற்பதிலும் அதே பேர்.

ஆர்லோவின் பாதி இல்லை.

மூடியைச் சாத்தினான். முந்நூற்று நாற்பத்திரண்டு ஐம்பது அவனைப் பார்த்தது. ஒரு வருஷமாகத் தேய்த்து மங்கின எழுத்து, இன்றைக்குக் காலையில் எழுதின மாதிரி கறுப்பாக இருந்தது.

சீட்டு. சீட்டு இருக்கிறது. கொன்றவன் நான்தான் என்று சொல்ல அது போதும். பின்தொடையின் எலும்பு மூலையில் வாளிக்குள் கிடந்தது, கணுக்காலில் கட்டின கயிறோடு. ஆர்லோ வாளியைக் கவிழ்த்தான். கயிறு இருந்தது. சீட்டும் இருந்தது. ஓரம் கருகி, அடுப்புச் சாம்பல் ஒட்டி. அதில் டெல்பர்ட்டின் பேர்.

அப்போ தன் சீட்டு?

திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பினான்.

ஆறாவது பை இறங்கியிருந்தது. மத்தியானம் இடுப்பு உயரத்தில் இருந்தது, இப்போது தரையைத் தொட்டு நின்றது. நீளமாக. ஆள் நீளத்துக்கு. துணியெல்லாம் உறைபனி பூத்திருந்தது, சொட்டுச் சத்தம் கேட்டும் தரையில் ஒரு துளி ஈரம் இல்லை. தலைகீழ் முடிச்சுக்குக் கீழே ஒரு சீட்டு ஆடியது. காற்று இல்லை. ஆடியது. ஆர்லோ புரூயிட் என்று தெளிவாக இருந்தது. வியாழக்கிழமைத் தேதி. அவன் கையால் குறித்த தேதி.

எவன் கொன்றானோ அவன் சீட்டு.

"நான் வரேன்னுதான் சொன்னேன்" என்றான் ஆர்லோ. குரல் ஷெட்டைத் தாண்டவில்லை. "திரும்பி வரலாம்னுதான் இருந்தேன். பனி..."

டொக்.

பைக்குள்ளிருந்து.

டொக். டொக்.

கதவு பன்னிரண்டு அடி தூரம். ஆர்லோ பின்வாங்கினான். ஒரு அடி. இன்னொன்று. துணி உள்ளிருந்து ஒரு இடத்தில் புடைத்தது. நாலு விரல் முழுசாக. ஒன்று பாதியாக. அந்தப் பாதி விரல் மெதுவாகத் துணியைக் கோதியது, முடிச்சை அவிழ்க்கத் தேடுகிறவன் மாதிரி. புதினா வாசனை ஷெட் முழுக்க அடைத்தது.

பை மடிந்து சரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஆர்லோ தாழ்ப்பாளுக்குக் கை நீட்டினான். கால் வரவில்லை. குனிந்து பார்த்தான். தரையில் அவன் வெட்டிப் போட்டிருந்த ஆரஞ்சுக் கயிறு கணுக்காலைச் சுற்றியிருந்தது. இறுக்கமாக. அழகாக. தலைகீழாக. மறுமுனை செயின் பிளாக்கின் கொக்கிக்குப் போனது.

டிக், டிக், டிக் என்று சங்கிலி ஏறியது. நின்றது. மறுபடி மூன்று.

தரை போனது. தலை சிமெண்டில் உரசி, பிறகு உரசாமல் ஆனது. சட்டை முகத்தில் விழுந்தது, அதை விலக்கினான். ஷெட் தலைகீழாகத் தெரிந்தது. மேசையில் வெள்ளைத் தாள் தானாக உருண்டு விரிந்துகொண்டிருந்தது. இரண்டு பவுண்டுக்கு வேண்டிய தாள் இல்லை. அதையெல்லாம் தாண்டி, மேசையின் நீளம் முழுக்க. கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்டது, நிதானமாக, இருபது வருஷம் பக்கத்தில் நின்று அவன் கேட்டுப் பழகின அதே நிதானத்தில்.

ஃப்ரீசர் மூடி நேர் எதிரே இருந்தது. அதன்மேல் யாருமில்லாத இடத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு தொடங்கியது. நகம் இல்லாத, மொண்ணையான, ஈர விரல் இழுக்கிற அகலமான கோடு. முந்நூற்று நாற்பத்திரண்டைத் தாண்டியது. ஐம்பது சென்ட்டையும் அடித்தது. ஒரு சொட்டு வழிந்து ஓரத்தில் நின்றது.

மூடி மெல்லத் திறந்தது. இடதுபக்கம் நாற்பது பொட்டலம். வலதுபக்கம், காலியாக, சரிபாதி.