ஓம் என்றால் ஒரு தட்டு

கற்பிட்டி வீதியை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கும் மணல் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளின் பின்சில்லு புதைந்தபோதே ஹுனைஸுக்கு எரிச்சல் ஏறிவிட்டது. இறங்கித் தள்ளினான். முதுகில் லெப்டொப் பை, தலைக்கு மேலே பின்னேர வெயில், மூக்குக்குள் யார் வளவிலோ காயும் கருவாட்டு வாடை. இந்த வீட்டுக்கு அவன் வருவது இது மூன்றாவது தடவை. கடையில் திறந்து போட்ட கைபேசிகள் அப்படியே கிடக்க, ஒரேயொரு ரவுட்டருக்காக மூன்று தடவை!

பழுது என்னவென்று வெளியில் சொல்லவே வெட்கம். ரவுட்டர் ஓடுகிறது, லைட் எரிகிறது, இணையம் வருகிறது. தன்னுடைய லொக்கை மட்டும் மெயிலில் அனுப்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

லொக் என்பது பெரிய வித்தையொன்றுமில்லை. லைன் எப்போது விழுந்தது, தானாக விழுந்ததா, வயரை யாரும் கழற்றினார்களா என்று ரவுட்டர் தனக்குள்ளே வரிவரியாக எழுதி வைக்கும் சங்கதி. இந்த வீட்டு ரவுட்டர் பழைய மொடல். நின்று திரும்ப எழும்பினால் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். ஆகவே அழியுமுன் மெயிலில் வெளியே போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேர வேண்டிய இடம் டோஹா. அங்கே இந்த வீட்டின் ஒரே மகன் ஃபஸ்லான் வேலை செய்தார். வாப்பா நூஹு மௌத்தானபோது அவரால் ஜனாஸா அடக்கத்துக்கு வர முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் உம்மாவின் டெப் கணினிக்கு வீடியோ கோல் எடுப்பார். அவர் “உம்மா” என்பார். இவர் “மகன்” என்பார். அவ்வளவுதான், லைன் விழுந்துவிடும். கைபேசியில் கதைக்கலாமென்றால் அந்த வளவுக்குள் சிக்னல் நிற்பதில்லை.

“தம்பி, எனக்கு ஒண்டு மட்டும் தெரிஞ்சாப் போதும்,” என்று ஃபஸ்லான் சொல்லியிருந்தார். “லைன் தானா விழுகுதா, இல்லாட்டி உம்மா கையால கழட்டுறாவா? மையத்துப் பார்க்க வராத மகனோட கதைக்க அவவுக்கு மனமில்லையெண்டா, நான் இனி எடுக்க மாட்டன். விட்டிருவன்.”

உம்மா முனவ்வராவோ, மகன்தான் கோலை வெட்டுகிறான் என்று எண்ணி அழுதுகொண்டிருந்தார். அந்த லொக் ஒருமுறை போனால் இரண்டு பேரின் சந்தேகமும் தீரும். அது போக வேண்டுமே!

கதவைத் திறந்தவர் முனவ்வராவின் தங்கச்சி ஜெய்னம்பு.

“வாங்க மகன். கடைப் பலகையில எல்லாப் பழுதும் திருத்தப்படும் எண்டு போட்டிருக்கீங்க. எங்கட வீட்டுப் பழுதயும் அதுல சேர்ப்பீங்களா?”

“சாச்சி, பெட்டிய ஹோலுக்கு எடுத்துத் தந்தா இப்பவே முடிப்பன்.”

“வயர் எட்டாதே. நூஹு மச்சான் இருக்கக்குள்ள அவர்ட அறைக்குள்ளதானே இழுப்பிச்சவர். அலுமாரிக்கு மேல கிடக்கு.”

அதுதான் தலையிடி. கணவரை இழந்த முனவ்வரா அந்த அறையில்தான் இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் கழியும்வரை அந்நிய ஆணுக்கு முகம் காட்ட மாட்டார், குரலும் காட்ட மாட்டார். அறை வாசலில் தடித்த பச்சைத் திரை. ரவுட்டர் உள்ளே, ஹுனைஸ் வெளியே. ஜெய்னம்புவோ அந்த லைட்டுகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று கிட்டப் போவதில்லை. முதல் நாளே முனவ்வரா தங்கச்சி மூலம் ஒரு வழி சொல்லியனுப்பியிருந்தார். ஹுனைஸ் வெளியிலிருந்து கேட்க வேண்டியது. அவர் அலுமாரிப் பலகையில் விரலால் தட்டுவார். ஓம் என்றால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு.

ஜெய்னம்பு குசினிக்குப் போனார். ஹுனைஸ் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு லெப்டொப்பைத் திறந்தான்.

“மாமி, ஹுனைஸ் வந்திருக்கன். எல்லா லைட்டும் பச்சையா?”

டொக்.

மெல்லிய சத்தம். விரல் நுனி பலகையில் பட்டு எடுபடும் சத்தம்.

அவன் ஒழுங்காக, ஒன்றையும் விடாமல் பார்க்கிறவன். மெயில் முகவரியைப் பார்த்தான், சரி. ரவுட்டருக்கென்றே எடுத்த தனிப் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக மறுபடியும் அடித்தான். மெயில் வெளியேறும் பழைய போர்ட்டை இணையக் கம்பனி அடைத்து வைத்திருக்கும் என்று போன தடவையே மாற்றியிருந்தான். அது மாற்றியபடியே இருந்தது. ரவுட்டரின் மணிக்கூடு பிந்தியிருந்தால் மெயில்காரன் நம்ப மாட்டான் என்று அதையும் சரிபார்த்தான். பிறகு பிஸ்மி சொல்லி, ‘லொக்கை அனுப்பு’ என்ற இடத்தை அமத்தினான்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது.

தோல்வி.

அதே முகவரி, அதே பாஸ்வேர்ட், அதே போர்ட்டைத் தன் லெப்டொப்பில் போட்டு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தான். கண்ணை மூடித் திறக்குமுன் போய்விட்டது. ரவுட்டரிலிருந்து மறுபடியும் அமத்தினான். தோல்வி. பல்லைக் கடித்துக்கொண்டான்.

அசர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. அறைக்குள் எங்கோ ஒரு கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. களப்புக் காற்றாக இருக்கும் என்று நினைத்தான். பழைய லொக் அழிந்தாலும் இனி விழுவதை ரவுட்டர் புதிதாக எழுதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாம் என்று தீர்மானித்தான்.

“மாமி, பின்னுக்கு ஊசி போற மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். காதுத் தோட்டுக் கம்பி மாதிரி எதையாவது விட்டுக் கொஞ்ச நேரம் அமத்துங்க. செய்தாச்சா?”

பதில் கொஞ்சம் கழித்து வந்தது.

டிக்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. பலகையில் இரும்போ வெள்ளியோ பட்டதுபோல் கறாராக இருந்தது. தட்டும் கை சலித்துப் போயிருக்கும், சாவியால் தட்டுகிறார் போலும் என்று எண்ணிக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தான். முகவரி. பாஸ்வேர்ட். போர்ட். மணிக்கூடு. அனுப்பு.

இம்முறை வட்டம்கூடச் சுற்றவில்லை. லைனே விழுந்துவிட்டது.

“சீ!” என்று தொடையில் அடித்துக்கொண்டான். “மாமி, வயர் கழண்டு கிடக்கா?”

டிக்.

“கொஞ்சம் மாட்டி விடுங்க.”

லைன் வந்தது. அனுப்பு என்று அமத்தினான். விழுந்தது. மறுபடி மாட்டச் சொன்னான். வந்தது. அமத்தினான். விழுந்தது. சரியாக அமத்தும் நேரம் பார்த்து விழுகிறது. பழுதடைந்த பெட்டிக்கு அந்த நேரம் எப்படித் தெரியும்? தலைக்குள் ஏதோ சூடேறியது. திரையின் அடியில் ஈர வலையின் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்தன. இந்த வீட்டில் இப்போது படகில்லை, வலையுமில்லை. அதை யோசிக்கிற பொறுமை அவனிடம் இல்லை.

“மாமி,” என்றான். “கோவிக்காதீங்க. நீங்களா கழட்டுறீங்க?”

டிக்.

ஹுனைஸ் லெப்டொப்பை மூடினான்.

“ஃபஸ்லான் நானா எடுக்கக்குள்ளயும் நீங்கதானா?”

டிக்.

“அவரோட கதைக்க உங்களுக்கு விருப்பமில்லையா?”

கேட்ட விதம் பிழை என்று அவனுக்கே தெரிந்தது. திருத்திக் கேட்டான்.

“கதைக்க விருப்பமா மாமி?”

டிக். டிக்.

மூன்று நாள் அலைச்சலுக்கு இதுதான் மிச்சம். பழுது பெட்டியில் இல்லை! அவன் விறுவிறுவென்று வெளியே வந்து, சிக்னல் பிடிக்கும் வீதியோரத்துப் பூவரசு வரைக்கும் மணலை உதைத்துக்கொண்டு நடந்து, கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தான்.

“நானா, லொக் ஒண்டும் தேவையில்ல. நான் நேரடியாக் கேட்டுட்டன். உம்மாதான் கழட்டுறா. உங்களோட கதைக்க விருப்பமில்ல எண்டு சொல்லிட்டா. என்ன மன்னிச்சுக் கொள்ளுங்க.”

குரல் பதிவு போய்ச் சேர்ந்தது. அடையாளம் நீலமாக மாறியது. 

லெப்டொப்பை எடுக்கத் திரும்பி வந்தபோது குசினிக்குள் இரண்டு பெண்களின் பேச்சு கேட்டது. ஒன்று ஜெய்னம்பு. மற்றக் குரலை அவன் கேட்டதில்லை. ஆனால் இருமலைக் கேட்டிருக்கிறான், போன தடவை, திரைக்குப் பின்னாலிருந்து.

“சாச்சி,” என்றான் ஹோலில் நின்றபடி. “உள்ளுக்கு ஆரு?”

“முனவ்வரா ராத்தாதான். வேற ஆரு?”

“அவ எப்ப குசினிக்கு வந்தவ?”

“அசருக்கு ஒளு எடுக்கப் பின்கதவால வந்தவ. தொழுதுட்டு இஞ்சயே குந்திட்டா. ஏன் மகன்?”

ஹுனைஸ் திரையைப் பார்த்தான். அது அசையவில்லை.

“அப்ப என்னோட தட்டிக்கிட்டிருந்தது?”

“அறைக்குள்ள ஒருத்தருமில்ல மகன்.”

“சாவியால தட்டின மாதிரி... மோதிரத்தால தட்டின மாதிரிக் கேட்டிச்சு.”

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. இத்தாவில் இருக்கும் பெண் கையில் மோதிரம் போடமாட்டாள் என்பது ஹுனைஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மச்சான்ட வெள்ளி மோதிரம்,” ஜெய்னம்புவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. “விடிய கடலால வந்தா வாயத் திறந்து கூப்பிடமாட்டார். அந்த மோதிரத்தாலதான் கதவத் தட்டுவார். ரெண்டு தட்டு. மௌத்தானதும் கழட்டி அந்த அலுமாரிக்குள்ளதான் வெச்சுப் பூட்டினது.”

பிறகு முனவ்வராவே பேசினார். சுவருக்கு அப்பால் நின்று, ஹுனைஸிடமல்ல, தங்கச்சியிடம் பேசுவதுபோல். ஆனாலும் அவன் கேட்கத்தான் பேசினார்.

“சொல்லு அந்தப் பொடியனுக்கு. விரட்டினக்குள்ள மன்னார்ல ஒரு படகையும் வலையையும் விட்டுட்டு உடுத்த உடுப்போட வந்தவர் என்ட மனிசன். இஞ்ச வந்து கூலிக்குக் கடலுக்குப் போய் ரெண்டாவது படகை வாங்கினார். அதை ஃபஸ்லான் கேக்காம வித்துப்போட்டு டோஹாவுக்குப் போயிட்டான். அவன்ட குரல் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது எண்டு அண்டைக்கே சொன்னவர். எனக்கு மகன் வேணும் எண்டு சொல்லு. நான் எப்ப விருப்பமில்ல எண்டு சொன்னன்?”

ஹுனைஸுக்கு வீதியோரத்தில் தான் அனுப்பிய குரல் பதிவு நினைவுக்கு வந்தது.  இனிச் சிக்னலுக்கு ஓடி அதைத் திருத்தினாலும் யார் நம்புவார்? லொக் எங்கே என்பார் ஃபஸ்லான். அதைத்தான் இந்த வீடு வெளியே விடாதே!

பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். மூன்று தடவை மணலில் தள்ளிய கோபம், கடையைப் பூட்டிவிட்டு வந்த கோபம், ஒரு தாயின் வாயில் பொய்யை வைத்துவிட்டோமே என்ற கோபம். திரைக்கு முன்னால் போய் நின்றான்.

“மாமா,” என்றான். “மெயில் அனுப்பவும் விடமாட்டீங்க, கதைக்கவும் விடமாட்டீங்க. இந்த மனிசி என்ன செய்தவ? உங்களுக்கும் மகனுக்கும் கணக்கு இருந்தா அதை அவரோடயே போய்த் தீர்த்துக்கொள்ளுங்க. இஞ்ச ஏன் இருக்கிறீங்க?”

 ஓட்டில் காகம் நடக்கும் சத்தம்கூட நின்றது.

டிக்.

ஒரேயொரு தட்டு.

ஓம்.

கதிரையிலிருந்த லெப்டொப்பை அவன் திறந்தான். லைன் இருந்தது. அவன் ஒன்றையும் அமத்தவில்லை. வட்டம் தானாகச் சுற்றியது. ஒரு சுற்று.

அனுப்பப்பட்டது.

ஈர வலையின் வாடை மெல்ல மெல்லக் குறைந்து, கருவாட்டு வாடை மட்டும் மிஞ்சியது. ஹுனைஸ் அப்படியே கதிரையில் விழுந்தான். போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், போய்விட்டது. சிரிப்புக்கூட வந்தது.

குசினிக்குள் முனவ்வராவின் டெப் அடித்தது.

“உம்மா!” ஃபஸ்லானின் குரல் பக்கத்தில் நிற்பவர்போல் தெளிவாகக் கேட்டது. “ஹுனைஸ் சொன்னது உண்மையா உம்மா? நான் கடைசியா ஒருக்கா உங்கட வாயால கேப்பம் எண்டு...”

“பொய் மகன், பொய்! ஒவ்வொரு நாளும் உன்ட கோலுக்காகத்தான் குந்திக்கிட்டிருக்கன்.” முனவ்வரா விம்மினார். ஜெய்னம்புவும் சேர்ந்து அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் ஹுனைஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தாயும் மகனும் கதைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி, குளிரூட்டியால் வந்த சளியைப் பற்றி, வாப்பாவின் கபுறடியைப் பற்றி. லைன் ஒரு தரம்கூட விழவில்லை.

“ஹுனைஸிட்ட சொல்லுங்க உம்மா, மெயில் இப்பதான் வந்திச்சி. திறந்தா உள்ளுக்கு ஒண்டுமில்ல. வெறுமையா இருக்கு.” ஃபஸ்லான் சிரித்தார். “ஆனா ஒரு புதினம். அது வந்ததில இருந்து அறை முழுக்க மீன் வாடை. இந்தப் பாலைவனத்தில!”

முனவ்வராவின் விம்மல் நின்றது.

டெப்பிலிருந்து கேட்டது.

டிக். டிக்.

“பொறுங்க உம்மா, ஆரோ கதவு தட்டுறாங்க.”

“மகன், திறக்காத!”

“பக்கத்து அறைப் பொடியனாத்தான் இருக்கும்.” செருப்புச் சத்தம் விலகிப் போனது.

“ஃபஸ்லான்! திறக்காத! அது வாப்பாட தட்டு!”

ஹுனைஸ் திரையைக் கிழித்துத் தள்ளிக்கொண்டு அறைக்குள் ஓடினான். எப்படியாவது இந்த லைனை அறுக்க வேண்டும், தாயின் காதில் மகனுடைய அலறலாவது விழாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு அவனுக்கு வரவில்லை. ஆளில்லாத அறை. ஒழுங்காக மடித்த தொழுகைப் பாய். அலுமாரிக்கு மேலே ரவுட்டர்.

அதன் கரண்ட் வயர் கழன்று நிலத்தில் கிடந்தது.

லைட்டுகள் எல்லாம் பச்சையாக எரிந்தன.

குசினிக்குள், டெப்பில், டோஹாவில் ஒரு தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

லைன் விழவில்லை.