பச்சைக் குடியிருப்பு

அரையாண்டுச் சோதனை நாள் வந்தால் குடியிருப்புச் செயலாளர் சிவசைலத்துக்குத் தலைகால் புரியாது. காலையிலேயே கூடையோடு மாடி மாடியாக ஏறி, பெண்கள் தாங்களே எடுத்து உறையிட்ட மாதிரிக்குச்சிகளை வாங்கி வருவார். கருப்பைவாய்ப் புற்றுநோயை வருமுன்பே காட்டிக்கொடுக்கும் ‘முன்னறிவான்’ கருவி கீழ்த்தளத்தில்தான் இருந்தது. அவரவரே போய்ச் செருகலாம். இந்த மனிதர் விட்டால்தானே!

எல்லா வீட்டுக்கும் பச்சை விளக்கு எரிந்தால் குடியிருப்புக்குத் தண்ணீரில் முன்னுரிமை. ஒரு வீடு சிவந்தாலும் அது போயிற்று. சோதித்துக்கொண்டதற்குப் பரிசு தராமல், கோளாறு இல்லாததற்குப் பரிசு தந்த அதிகாரி எந்த மேதாவியோ! சிவசைலம் அவரையும் மிஞ்சினார். வாங்கிய குச்சிகளைக் குப்பையில் கொட்டினார். எப்போதும் பச்சையே வரும் இரண்டாம் மாடி தமயந்தியிடம், “கருவியச் சரிபார்க்கணும்மா” என்று கூடுதல் குச்சிகள் வாங்கி, எல்லா வீட்டு எண்ணிலும் அவற்றையே செருகினார். அந்தரங்கச் சட்டப்படி கருவி மரபணுவை ஒப்பிடாது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தது, கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பில்.

இம்முறை எல்லா வீடும் சிவந்தது. தமயந்தி இறங்கி வந்து திரையைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு ஒரே வாசகம்: ‘செல் மாற்றம். புற்றுநோய் அல்ல. கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிச் சோதனைக்கு மருத்துவமனைக்கு வரவும்.’

“எல்லாம் என் குச்சியா சார்?”

சிவசைலம் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “தண்ணிக்காகத்தாம்மா...”

“த்தூ! எனக்குப் பரவாயில்ல, ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுச்சு. போய்க் காட்டி, தேவைன்னா அந்த இடத்த மட்டும் எடுத்துடுவேன். மத்தவங்களுக்கு என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ஒண்ணும் இருக்காதும்மா.”

அவள் மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

அப்போதும் மனிதருக்குப் புத்தி வரவில்லை. சிவந்த வீடுகள் புதுக்குச்சி செருகி மறுசோதனை செய்துகொள்ள மாலைவரை நேரமிருக்கிறதே! வீட்டுக்கு ஓடினார். மனைவி மங்களம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மங்களம், எல்லா வீட்டுக்கும் சேர்த்து நீ குச்சி எடுத்துக் குடு. நம்ம வீடுதான் சுத்தமான வீடு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னுது வேண்டாங்க. ரொம்ப மாசமா நடுநடுவுல ரத்தம் படுது.”

“அடிப்பாவி, ஏண்டி டாக்டர்கிட்ட போகல?”

“பயந்துதாங்க இருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கதானே வந்து, நமக்குப் பச்சைன்னு சொன்னீங்க?”