பிறப்பிசை

இது பாட்டில்லை. இது அழுகை. என் பிள்ளை அழுகிறாள்.

மைவிழி இதை யாரிடமும் சொல்லவில்லை. மண்டபத்தின் மணமகள் அறையில், மகள் வெயினியைத் தோளில் போட்டுத் தட்டியபடி மனத்துக்குள் மட்டும் சொல்லிப் பார்த்தாள். அழுகை என்ற சொல்லே அவளுக்குப் பழக்கமில்லாமல் போயிருந்தது. பள்ளியில் படித்து மறந்த ஏதோ ஒரு பாடத்தின் சொல் போல இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா தனபாக்கியம் வந்தாள்.

"காலையிலேயே கச்சேரிய ஆரம்பிச்சிட்டாளா? வாசல் வரைக்கும் கேக்குது. சபையில உக்கார வச்சா மட்டும் வாய மூடிக்குவா பாரு."

"பசிக்குதும்மா அவளுக்கு."

"பசியா? தொட்டில் ஒன்னும் சொல்லலியே."

"தொட்டில் வீட்ல இருக்கு."

"அட, ஆமால்ல," என்று அம்மா சிரித்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்துக் காட்டினாள். "உன் மணி இதுல பத்திரமா இருக்கு. பாப்பாவுக்கு மாட்டுற கையோட நீயும் மாட்டிக்கோ. காதுதான் ஆறிடுச்சே."

செவிமணி மிளகளவுதான் இருக்கும். இடது காதின் துளையில் திருகினால் அதன் நுண்ணிழை உள்ளே இறங்கி எலும்பைத் தொடும். அதன்பின் உலகம் இசையாகிவிடும். மெல்லப் பேசும் பேச்சை மணி அப்படியே விட்டுவிடும். அதற்கு மேல் உயரும் எந்த ஒலியையும், லாரி ஹாரனோ, குக்கர் விசிலோ, மாடி வீட்டுச் சண்டையோ, எடுத்து அணிந்திருப்பவரின் மனத்துக்குப் பிடித்த ராகத்தில் இழைத்துவிடும். நாடி எகிறினால் இசையைத் தாழ்த்தி நாடியையும் இறக்கிவிடும். மணி வந்த பிறகு சேலத்தில் தெருச்சண்டை இல்லை. திட்டினால் எதிராளி தலையாட்டி ரசிக்கிறான் என்றால் யார்தான் திட்டுவார்கள்?

மைவிழியும் அப்படி ரசித்தவள்தான். போன மாதம் தலையணையில் சீழைப் பார்த்தபோதுதான் தன் காது புண்ணானது அவளுக்குத் தெரிந்தது.

"இவ்வளவு சீழ் வச்சிருக்கே, வலிக்கலியாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியல டாக்டர்."

மணியைக் கழற்றி, ஆறும்வரை மாட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அன்று வீட்டுக் கதவைத் திறந்ததும் ஒரு சத்தம் கேட்டது. ஏதோ விலங்கு எதிலோ மாட்டிக்கொண்டு கத்துகிறது என்று நினைத்து ஓடினாள். தொட்டிலில் வெயினி கிடந்தாள். முகம் கன்றிச் சிவந்து, மூச்சு அடைத்து அடைத்து வந்தது. பக்கத்தில் அவள் கணவன் கதிரேசன் துணி மடித்துக்கொண்டே தலையை அசைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு நல்ல குரல்ல இருக்கா," என்றான்.

தொட்டிலின் திரையில் 'துணி மாற்றவும்' என்று வந்தது. உடனே எழுந்து, பக்குவமாக, அன்போடு துணியை மாற்றினான். அவன் கெட்டவனில்லை. அதுதான் மைவிழிக்குப் பயமாக இருந்தது.

அவனிடம் சொல்லிப் பார்த்தாள். பொறுமையாகக் கேட்டான். "காது ஆறட்டும் மைவிழி. மணி இல்லாம கேட்டா எல்லாமே அப்படித்தான் இருக்கும்," என்றான்.

அதற்குப் பிறகுதான் இந்தக் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, வலது காதில் தங்கத் தோடு, இடது காதில் மணி. மணி மாட்டிய பிள்ளைகள் அழுவதே இல்லை. அதைத்தான் எல்லோரும் வரம் என்றார்கள். தன் அழுகை தனக்கே பாட்டாகக் கேட்டால் ஒரு பிள்ளை எதற்கு அழும்? எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்? வேண்டாம் என்று சொல்ல நினைத்து நினைத்தே மைவிழி நாளைக் கடத்திவிட்டாள். மாறியிருப்பது உலகமில்லை, தன் காது மட்டும்தானோ என்ற சந்தேகம் அவளை விடவில்லை.

"எல்லாரும் காத்திருக்காங்க, வா," என்று அம்மா அழைத்தாள்.

மேடையில் அவள் தம்பி பொன்னரசு பட்டு வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். காது குத்த வருபவரை இன்னும் ஆசாரி என்றுதான் கூப்பிட்டார்கள். சீருடை போட்ட இளைஞன் அவன். கையில் கிடுக்கி போன்ற துளைக்கருவியும் ஒரு சின்னத் திரையும் வைத்திருந்தான்.

"குடுக்கா என் மருமகள," என்று பொன்னரசு கை நீட்டினான். "மாமன் மடி மெத்தை மாதிரி இருக்கும். சாப்பிட்டே வளத்து வச்சிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. கீழே முன்வரிசையில் கதிரேசன் கையசைத்தான்.

"பிறப்பிசையப் போட்றலாங்களா?" என்று ஆசாரி கேட்டான்.

பிறப்பிசை இல்லாமல் எந்தக் குடும்பத்திலும் விசேஷம் நடப்பதில்லை. குழந்தை பிறக்கும் நேரத்து ஒலிகளை அறையிலேயே பதிந்து வைப்பார்கள். பதிவில் மணி தொடாத பச்சை ஒலிதான் இருக்கும். அவரவர் மணி அதை அவரவர் மனத்துக்கு ஏற்றபடி இழைத்துக்கொள்ளும். வெயினிக்குப் பேர் வைத்த அன்று அதைக் கேட்டு மைவிழி ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறாள். மழையும் புல்லாங்குழலும் கலந்தது போன்ற இசை. அது போல ஒன்றை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

முதலில் யாரோ மூச்சு வாங்கும் ஒலி. பிறகு ஓர் அலறல். மைவிழி மண்டபத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் அசையவில்லை. இரண்டாவது அலறலில் சொற்கள் இருந்தன.

"அம்மா, முடியலம்மா. கையப் பிடிம்மா. செத்துருவேன்மா."

அது அவள் குரல்.

அந்த நேரத்தைப் பற்றி அவளுக்கு வலி என்று ஒன்றுமே நினைவில் இல்லை. இசை நினைவிருந்தது. கட்டிலருகே அம்மா நின்றதும், அவள் கண்களில் நீர் நிறைந்திருந்ததும், அவள் கை கட்டிலின் கம்பியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்ததும் நினைவிருந்தன. அம்மா தன்னைத் தேற்றுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அம்மா தாளம் போட்டிருக்கிறாள்.

இப்போதும் போட்டுக்கொண்டிருந்தாள். மேடையோரத்தில் நின்ற தனபாக்கியம் கண்களை மூடித் தொடையில் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மண்டபம் முழுவதும் கைகள் தொடையில் விழுந்து எழுந்தன. "கையப் பிடிம்மா" என்ற இடத்தில் பெரியப்பா ஒருவர் "ஆகா" என்றார். கதிரேசன் அண்ணாந்து, முகம் கனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆசாரி வலது காதில் கருவியை வைத்து அழுத்தினான்.

வெயினி வீரிட்டாள். ஊசி இறங்கியதும் கருவி விரிந்திருக்க வேண்டும். விரியவில்லை. கிடுக்கி மடலைக் கவ்வியபடியே நின்றது. குழந்தையின் கழுத்து வழியே ஒரு சிவப்புக் கோடு இறங்கிப் பொன்னரசின் பட்டு வேட்டியில் பரவியது. ஆசாரி திரையைப் பார்த்தான். அதில் 'முடிந்தது' என்று இருந்தது. அவன் திருப்தியாகத் தலையசைத்தான்.

"கருவி மாட்டியிருக்கு. எடுங்க," என்று மைவிழி கத்தினாள். "ரத்தம் வருது, எடுங்க. டேய், யாராவது பாருங்கடா."

ஒருவரும் உதவிக்கு வரவில்லை. எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. எல்லா முகங்களிலும் ஒரே மலர்ச்சி. அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். தாளம் போட்ட கைகள் வேகமெடுத்தன. பின்வரிசையில் யாரோ எட்டிப் பார்க்க எழுந்து நின்றார்கள்.

அவளே பாய்ந்து கருவியின் இரண்டு கரங்களையும் பிரித்தாள். நகம் பிய்ந்தது. மடல் விடுபட்டது. பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துப் புடவைத் தலைப்பால் காதை அழுத்தினாள்.

பொன்னரசு அண்ணாந்து அவளைப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு நாளாச்சுக்கா," என்றான் தழுதழுத்து. "நீ பாடிக் கேட்டு."

இவன் சின்ன வயதில் அவள் விரலில் ஒரு முள் குத்தினாலும் தானும் சேர்ந்து அழுதவன். இப்போதும் அழுகிறான். அக்காவின் பாட்டைக் கேட்டு அழுகிறான்.

ஆசாரி அப்போதுதான் வேட்டியிலிருந்த கறையைக் கவனித்தான். "லேசா கவ்விடுச்சுங்க. ஒன்னுமில்ல, மருந்து போட்டா ஆறிடும்," என்றான். பொய் சொல்லவில்லை. அவன் நாடி நிதானமாகத்தான் இருந்திருக்கும். கருவியைத் துடைத்து, பஞ்சில் வைத்திருந்த புது மணியை எடுத்தான். மிளகளவு, பளபளப்பாக. "அடுத்து இடது காதுங்க. இத மாட்டிட்டா பாப்பாவுக்கு இந்த வலிகூடத் தெரியாது."

அம்மா குங்குமச் சிமிழைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்தாள். "நீயும் போட்டுக்கோடி. இப்ப நீ பாடுனத நீயே கேக்கலியே. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு எனக்கு."

கத்தலாம். இன்னும் கத்தினால் இன்னும் ரசிப்பார்கள். அழுதால் யாராவது பதிந்து வைத்து அடுத்த விசேஷத்தில் போடுவார்கள். வெயினி அவள் தோளில் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள். இந்த மண்டபத்தில் அழத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

பொன்னரசு மறுபடி கைகளை நீட்டினான். "குடுக்கா. நல்ல நேரம் முடியறதுக்குள்ள இடது காதையும் முடிச்சிடலாம்."

மைவிழி மூச்சை இழுத்து அடக்கினாள். குரலை மணி தொடாத அளவுக்கு, பேச்சு பேச்சாகவே போய்ச் சேரும் அளவுக்குத் தாழ்த்தினாள்.

"வேண்டாம் தம்பி."

அவன் முகத்திலிருந்த மலர்ச்சி ஒரு கணம் தடுமாறியது. அவள் சொன்னது அவனுக்குக் கேட்டுவிட்டது.

"ஏன்க்கா?"

அவள் மகளின் இடது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். வெயினி மறுபடி உரக்க அழத் தொடங்கினாள். மைவிழி அவளை அழ விட்டாள்.