எட்டாவது பெயர்

பிஷ்கெக் நகரில் ஜனவரி மாதம் என்றால் பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட்டாக வேண்டும். நிலக்கரிப் புகை ஜன்னலை அப்படி அடைத்துக்கொள்ளும். அப்படியொரு மதியம், பெகிமாய் பள்ளிக்காக மலையைப் பற்றி எழுதிய கட்டுரையை அவள் அம்மா சால்தனத் அச்செடுத்தார்.

அம்மா வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவர். நாம் எழுதிக் கொடுத்ததைப் புத்தகப் பக்கம்போல அழகாக அடுக்கித் தரும் மென்பொருள் அது. இந்த வாரம் அதற்குப் புது வேலை ஒன்று பழக்கியிருந்தார். எந்தச் செய்தியை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தோம் என்று குறித்துவிட்டால், அங்கே சின்னதாக ஓர் எண் போடும். கடைசிப் பக்கத்தில் அந்தப் புத்தகங்களின் பட்டியலையும் போட்டுவிடும். சோதித்துப் பார்க்க மகளின் கட்டுரைதான் அகப்பட்டது.

"ஏழு புத்தகம்தானே குடுத்தே? இங்க எட்டு இருக்கே."

எட்டாவது வரி: சலிமா அசில்கானோவா, நோட்டுப் புத்தகம், 1974.

"யாருடி இது?"

"தெரியலம்மா. நான் அடிக்கவே இல்ல."

அம்மா கோப்பு முழுக்கத் தேடினார். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. "எழுத்த மாத்திப் போட்டாப் பரவாயில்ல, ஆளையே உண்டாக்குதே," என்று முணுமுணுத்தபடி தேநீர் போடப் போனார்.

பெகிமாய் தாள்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் முடிவில் 8 என்று இருந்தது. 'பனி விழும்போது மலை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.'

அது அவள் எழுதியதே இல்லை. பள்ளிக்கூட அலமாரியில் கிடந்த, அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்றில் இருந்தது. அதில் பெயரே இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆசிரியை அவளைக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

மறுபடி அச்செடுத்தாள். எட்டாவது வரி நீண்டிருந்தது: ஏழாம் வகுப்பு, பக்கம் 41.

மூன்றாவது முறை ஒரே ஒரு தாள் வந்தது. அதில் அந்தப் பெயர் மட்டும் இருந்தது. அச்சிலிருந்து வரும் தாள் சூடாக இருக்கும். இதுவோ ஐஸ்போல இருந்தது.

பெகிமாய்க்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பாவமாக இருந்தது. அந்தச் சலிமா நாற்பது பக்கத்துக்குமேல் கையால் எழுதியிருக்கிறாள். அதைப் படித்த ஒரே ஒருத்தியான தானும் அவள் பெயரை விட்டுவிட்டோமே.

"அம்மா, கோளாறு உன் புரோகிராம்ல இல்ல. என்கிட்டதான்," என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "டீச்சர்கிட்ட சொன்னா போட்டிலேர்ந்து எடுத்துடுவாங்க, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

அவளே உட்கார்ந்து அந்தப் பெயரைப் பட்டியலில் அடித்தாள். இந்த முறை தாள்கள் சூடாகவே வந்தன.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அப்போ உன்னை அனுப்ப முடியாதும்மா," என்றார் ஆசிரியை.

"சரி டீச்சர்."

"யாரோட வரின்னு நீயே சத்தமா படி."

பெகிமாய் கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் படித்தாள். "சலிமா அசில்கானோவா, ஏழாம் வகுப்பு."

"உள்ளேன் டீச்சர்," என்று ஒரு குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது.

"தால்காத், விளையாடாதே," என்றார் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்த ஆசிரியை.

"நான் இங்க இருக்கேன் டீச்சர்," என்றான் முதல் பெஞ்சில் இருந்த தால்காத். அவன் முகம் வெளுத்திருந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் யாருமே இல்லை. பெகிமாய் மட்டும் அந்தப் பக்கம் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்தாள்.