இரண்டாவது ஜொய்ஸ்ரிக்

பிரம்புக் கதிரையில் கிடந்த ரீவி கேம் ஜொய்ஸ்ரிக்கை நகர்த்திவிட்டு உட்காரலாம் என்று கையிலெடுத்த புவிராசா, அதை உடனே திரும்ப வைத்துவிட்டான். அது சூடாக இருந்தது. இவ்வளவு நேரமும் யாரோ இறுகப் பிடித்து விளையாடிவிட்டு எழுந்து போன சூடு. பொத்தான்களின் மேல் வியர்வைப் பிசுபிசுப்பு வேறு.

“அதில இருக்காதேங்கோ தம்பி, அது வேலன்ர கதிரை,” என்றாள் அவனுடைய தாய் கனகமணி. “நீங்கள் மற்றதில இருங்கோ.”

“ஆரும் விளையாடிக்கொண்டிருந்தவையோ அன்ரி?”

“இந்த வீட்டில ஆர் இருக்கினம்? நான் மட்டுந்தானே.”

வெளியே மாரி மழை பிடித்திருந்தது. பின்னேரந்தான், ஆனால் அறை இருண்டு போய்க் கிடந்தது. குசினியில் பாயாசத்துக்குப் பால் கொதிக்கும் மணமும், ஈரச் சுவரின் பூஞ்சண மணமும், எங்கிருந்தோ வந்த ஒரு பழைய சாக்கு மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. துறைமுகத்துக்குள் இயக்கச் சுழியோடிகள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் நேவிக்காரர் தண்ணீருக்குப் போடும் வெடி, நிலத்துக்கடியால் ‘தும்’ என்று வந்து அலுமாரிக் கண்ணாடியை அதிரவைத்தது. திருகோணமலைக்காரனுக்கு அது கொட்டாவி விட்டபடி கேட்கிற சத்தம். இன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தரமும் புவிராசாவின் தோள் துள்ளியது.

வந்திருக்கவே கூடாது. சந்தையில், மீன் வாங்க நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால் கனகமணி அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “வெள்ளிக்கிழமை வேலன்ர பிறந்தநாள். நீங்கள் அவன்ர கூட்டாளிதானே? வந்து கொஞ்ச நேரம் ரீவி கேம் விளையாடிட்டுப் போங்கோ. சும்மா தூசி பிடிச்சுக் கிடக்கு.” மாட்டேன் என்றால் சனம் என்ன நினைக்கும்? நினைக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும்? தலையாட்டிவிட்டு வந்தான்.

தலையாட்டுவது அவனுக்குப் புதிதில்லை.

போன மாரிக்கு முந்திய மாரியில் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பு. முதல் நாளே பிடிபட்டிருந்த புவிராசாவை, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த சாக்கைத் தலையில் கவிழ்த்து, ஜீப்புக்குள் இருத்தினார்கள். மைதானத்தில் நின்ற ஆம்பிளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். ஆளைத் தெரிந்தால் தலையாட்டு, இல்லாவிட்டால் சும்மா இரு என்றான் பக்கத்தில் நின்றவன். புவிராசா சும்மாதான் இருந்தான். தெரிந்தவர்கள் வந்தபோதும் அசையவில்லை. அந்தளவுக்கு அவன் நல்லவன்தான். வேலன் வரும்வரை.

வேலனுக்கு எந்த இயக்கத்தோடும் ஒரு தொடுசலும் இல்லை. அன்ஸாரின் ரீவி கேம் வாடகைக் கடையில், இருபது பேர் சுற்றி நிற்க, அடிபாட்டு கேமில் புவிராசாவை ஒரு அடிகூட வாங்காமல் வீழ்த்திவிட்டு, “உனக்குக் கதைக்கத்தான் தெரியும் மச்சான், விளையாடத் தெரியாது,” என்று சொன்னது மட்டுந்தான் அவன் செய்த குற்றம். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு சாக்குக்குள்ளும் காதில் கேட்டது. புவிராசா தலையை ஆட்டினான். அன்று பின்னேரம் ட்ரக்கின் பின்னால் வேலன் பிணமாகக் கிடந்த கிடையையும் அவனே கண்டான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், சாக்குக்குள் இருந்தது யார் என்றும் சொல்லவேண்டி வரும். அது தெரிந்தால் இயக்கப் பெடியள் அவனை ஒரு கிழமை உயிரோடு விடமாட்டார்கள்.

கனகமணி கசெற் ஒன்றை எடுத்து, வாயால் ஊதி, மெசினில் செருகினாள். “உங்களுக்கு எது பிடிக்கும் தம்பி? நீங்கள் கேமைப் பற்றி நல்லாக் கதைப்பீங்களெண்டு வேலன் சொல்லுவான்.”

பயத்தில் வாய் தானாக ஓடியது. கார் கேம் வெறும் குப்பை என்றான், மோதினாலும் சாகாத ஓட்டத்தில் என்ன இருக்கு? மீன் பிடிக்கிற கேமைச் செய்தவன் பிறந்ததிலிருந்து தூண்டிலைக் கண்டிருக்கமாட்டான், சாளை எங்கேயாவது தவளைமாதிரித் துள்ளுமோ? பிளேன் கேம் பரவாயில்லை, எதிரி முன்னாலதான் வருவான், முதுகில குத்தமாட்டான். தாண்டுற கேமுகள் சின்னப்பிள்ளைகளுக்கு. எல்லாத்திலும் திறம் டாங்கி கேம்தான் அன்ரி, ரெண்டு பேர் ஒரு பக்கம் நிண்டு அடிக்கலாம், ஆனா தேவையெண்டால் கூட நிக்கிறவனையும் சுடலாம்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

“அப்பிடியோ,” என்றாள் கனகமணி. “அடிபாட்டு கேம்?”

“அது... அது எனக்கு அவ்வளவாச் சரிவராது.”

“அவனுக்கு அதுதான் விருப்பம்.”

திரையில் அடிபாட்டு கேம்தான் வந்து நின்றது. கனகமணி குசினிக்குப் போய்ப் பாயாசத்தைக் கோப்பையில் கொண்டுவந்தாள். சும்மா வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. அப்போதுதான் பையில் கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று வழியில் வாங்கிய மல்லிகை மாலை. வாழையிலையைப் பிரித்து, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த வேலனின் படத்தை நோக்கி எழுந்தான்.

படத்தின் முன்னால் விளக்கு இல்லை. படத்தில் பொட்டு இல்லை. பழைய மாலையின் காய்ந்த நார்கூட இல்லை.

காணாமற்போனவர்களின் வீட்டில் மாலை போடமாட்டார்கள். திவசமும் செய்யமாட்டார்கள். அந்தத் தாய்மாருக்குப் பிள்ளை எங்கேயோ ஒரு காம்பில் உயிரோடுதான் இருக்கும். எந்த நேரமும் கேற்றைத் தட்டும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவனுக்கும் தெரியும். அட கடவுளே, தெரிந்துகொண்டே மாலையோடு வந்து நிற்கிறானே!

“என்ர பிள்ளை செத்தவனெண்டு உங்களுக்கு ஆர் தம்பி சொன்னது?”

அவளுடைய குரலில் கோபம் இல்லை.

“இல்லை அன்ரி... சும்மா... சாமிப்படத்துக்குப் போடுவமெண்டு...”

“சாமியறை அங்கால இருக்கு.”

அந்த நேரம் கரண்ட் போனது. ரீவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மழைச் சத்தம் மட்டும். பிறகு, வெறும் பிரம்புக் கதிரையிலிருந்து இன்னொரு சத்தம்.

டிக்.

பொத்தான் அமுங்குகிற சத்தம்.

புவிராசாவின் கையிலிருந்து மாலை நழுவி விழ, கால்கள் பின்னால் நடந்து அவனை மற்றக் கதிரையில் இருத்தின. அவன் உட்கார நினைக்கவில்லை. எழும்ப ஏலவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தான், தாடை இறுகிக் கிடந்தது. இடுப்புக்குக் கீழே உடம்பு அவனுடையதே இல்லை. சாக்கு மணம் இப்போது மூக்குக்குள், தொண்டைக்குள், கண்ணுக்குள். பக்கத்துக் கதிரையின் பிரம்பு மெல்ல நெரிந்தது, விளையாடுகிறவன் வசதியாக முன்னுக்குச் சாய்ந்து உட்காரும்போது நெரிகிற மாதிரி.

கனகமணி விளக்கைக் கொளுத்திக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து குந்தினாள். வெறும் கதிரையைப் பார்த்து, “ஓம் ராசா, கேக்கிறன்,” என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். இப்போது ‘நீங்கள்’ இல்லை, ‘தம்பி’ இல்லை.

“சாக்குக்குள்ள இருந்தது நீயோடா?”

டிக்.

அவனுடைய தலை கீழே போய் மேலே வந்தது.

“தெரிஞ்சுதான் காட்டினியோ?”

டிக். தலை ஆடியது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

“அவங்கள் உன்னைக் கட்டாயப்படுத்தினவங்களோ? அவன்தான் எண்டு சொல்லச் சொல்லி அடிச்சவங்களோ?”

ஓம் அன்ரி. ஓம், ஓம்! கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கத் தலையைக் கீழே தள்ளப் பார்த்தான். ஒரு மயிரிழை அசையவில்லை. கதிரையில் சத்தம் இல்லை. கனகமணி காத்திருந்தாள். துறைமுகத்தில் ஒரு வெடி போய் அடங்கியது. அப்போதும் சத்தம் இல்லை.

“அவன் உயிரோட இல்லையோ?”

இந்தப் பொத்தான் மெதுவாக, மிகவும் மெதுவாக அமுங்கியது. அவனுடைய தலை தாழ்ந்தது.

கனகமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்தாள். நிலத்தில் கிடந்த மாலையை எடுத்து, தண்ணீர் தெளித்து, மகனின் படத்துக்குப் போட்டாள். நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

“பின்வளவுக்க ரெண்டு பெடியள் மழையில நிக்கினம்,” என்றாள், முதுகைக் காட்டிக்கொண்டே. “எனக்கு உன்னில எப்பவோ சந்தேகம். சரியாத் தெரியாமல் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கக்கூடாதெண்டு மத்தியானத்திலயிருந்து அவங்களை நிக்க வைச்சிருக்கிறன்.” திரும்பினாள். “கூப்பிடட்டோ?”

வேண்டாம். வேண்டாம் அன்ரி. வேண்டாம்.

டிக்.

அவள் பின்கதவின் கொண்டியை எடுக்கப் போனாள். டிக். கதவு திறந்தது. டிக், டிக். செருப்புக் கால்கள் சேற்றிலிருந்து சீமெந்து நிலத்துக்கு ஏறின. “இவரோ அம்மா?” என்று யாரோ பணிவாகக் கேட்டான். டிக், டிக், டிக், டிக். விளக்கு வெளிச்சத்தில் புவிராசா, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான்.